போனை நிமிர்த்திப் பிடிப்பதா, படுக்கவைத்துப் பிடிப்பதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவை வீட்டு டிவியில் போட்டால், படம் திரையின் உயரத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 16-க்கு 9 என்ற டிவி திரையில் 9-க்கு 16 வீடியோ அடைத்துக்கொள்வது மொத்தப் பரப்பில் 31.6 சதவீதம்தான், மிச்சமெல்லாம் கறுப்பு. இதையே மாற்றிப் போட்டுப் பாருங்கள். படுக்கைவாக்கில் எடுத்த வீடியோவை நிமிர்த்திப் பிடித்த போனில் பார்த்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்? அதே 31.6 சதவீதம். இப்போதைய போன்கள் 20-க்கு 9 என்ற அளவுக்கு நெட்டையாகிவிட்டதால் அவற்றில் இன்னும் மோசம்: திரையில் கால்வாசி மட்டும்.

ஆக, நட்டம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆனாலும் இத்தனை வருடங்களாகத் திட்டு வாங்கியது ஒரு தரப்பு மட்டும்தான். "போனைத் திருப்பிப் பிடிங்க", "வீடியோ எடுக்கவே தெரியலையா" என்று நிமிர்த்திப் பிடித்தவர்களைத்தான் எல்லோரும் கடிந்துகொண்டார்கள். இப்போது காற்று திசை மாறி, படுக்கைவாக்கில் எடுப்பவர்களைப் பார்த்து "இது ஸ்டேட்டஸ்ல நல்லா வராதே" என்கிறார்கள். இரண்டு தரப்புமே இதை ஒரு ஒழுங்குமுறை விஷயமாகப் பேசுகிறது. உண்மையில் இதை முடிவு செய்வது திரை. படம் கடைசியில் எந்தத் திரையில் ஓடப்போகிறதோ அதன் வடிவம்தான், எடுக்கும்போது போனை எப்படிப் பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு என்று உறுதியாக நினைக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. "நமக்கு இரண்டு கண்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன, அதனால் உலகமே அகலமானது" என்பார்கள். இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு பக்கவாட்டில் சுமார் 200 பாகை, மேலும் கீழுமாகச் சுமார் 130 பாகை என்பது சரிதான். ஆனால் நாம் கூர்மையாகப் பார்ப்பது இதில் ஏறத்தாழ 2 பாகை மட்டுமே. மீதியைக் கண்ணை உருட்டி உருட்டித்தான் சேர்த்துக்கொள்கிறோம். கண்ணின் அமைப்பை வைத்து 16-க்கு 9 என்ற எண்ணுக்கு வந்து சேர முடியாது. அந்த எண் வந்த வழியே வேறு.

திரை படுத்த கதை

1890-களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டிக்சன் 35 மில்லிமீட்டர் படச்சுருளை வடிவமைத்தார். ஒவ்வொரு படத்துக்கும் சுருளின் ஓரத்தில் நான்கு துளைகள் ஒதுக்கப்பட்டன. படத்தின் அகலம் ஓர் அங்குலம், உயரம் முக்கால் அங்குலம். 4-க்கு 3 என்ற விகிதம் இப்படித்தான் பிறந்தது. பேசும் படம் வந்தபோது சுருளின் ஓரத்தில் ஒலிப்பாதைக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அகலம் குறைந்து ஃப்ரேம் கிட்டத்தட்டச் சதுரமாகிவிட்டது. 1932-ல் ஹாலிவுட் அகாடமி அதை 1.37-க்கு 1 என்று ஒழுங்குபடுத்தி, பழைய வடிவத்தின் பக்கம் திரும்ப இழுத்தது.

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த 1930-ல் ஹாலிவுட் வந்திருந்த சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன், தொழில்நுட்பக் கலைஞர்களின் கூட்டத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னார். இத்தனை காலமும் சினிமா நிமிர்ந்த காட்சிகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. திரை சதுரமாக இருந்தால், தேவைக்கேற்ப அதற்குள் நெடிய ஃப்ரேமையும் அகல ஃப்ரேமையும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். யாரும் கேட்கவில்லை. தொண்ணூறு வருடத்துக்குப் பிறகு போன் கம்பெனிகள் அந்தச் சதுரத்திடமே வந்து நிற்கின்றன.

பிறகு டிவி வந்தது. அதுவும் சினிமாவைப் பார்த்து 4-க்கு 3 திரையையே எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே படம் கிடைக்கும்போது தியேட்டருக்கு ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாக ஹாலிவுட் திரையை அகலப்படுத்தியது. 1953-ல் சினிமாஸ்கோப். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அந்த மாதிரிப் படங்களைப் பிற்பாடு பழைய டிவியில் போட்டபோது என்ன ஆயிற்று என்பது அந்தக் காலத்து வீடுகளுக்குத் தெரியும். ஒன்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை. இல்லையென்றால் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள். பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரியும், வசனம் வெறும் சுவரிலிருந்து வரும். அகலமாக எடுத்ததை ஒடுக்கமான திரைக்காக வெட்டும் சிக்கல் ரீல்ஸ் காலத்தில் பிறந்ததில்லை.

1980-களில் ஹெச்.டி. டிவிக்கு ஒரு வடிவம் தேவைப்பட்டது. அமெரிக்கத் தொழில்நுட்பக் குழுவில் இருந்த கெர்ன்ஸ் பவர்ஸ், அப்போது புழக்கத்தில் இருந்த திரை வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச்செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஒரே விகிதத்தில் இருந்தன. அது 1.77, அதாவது 16-க்கு 9. பழைய டிவியின் 1.33-ஐ சினிமாஸ்கோப்பின் 2.35-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டாலும் இதே எண் வரும். நம் வீட்டு டிவி, லேப்டாப், யூடியூப் பெட்டி எல்லாம் இந்தச் சமரசத்தின் மேல்தான் நிற்கின்றன.

புகைப்படக்காரர்களிடம் இந்தச் சண்டை ஒருபோதும் வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டூடியோவில் மணமக்களை நிற்கவைத்து எடுக்கும்போது கேமராவைச் சாய்த்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு எடுக்கும்போது நேராக்கிக்கொண்டார்கள். பிரிண்ட் போட்ட காகிதத்தை எந்தப் பக்கமும் திருப்பலாம், ஆல்பத்தில் எப்படியும் ஒட்டலாம். தியேட்டர் திரையைத் திருப்ப முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

காதுக்கும் வாய்க்கும் இடையில்

தொலைபேசி நீளமாக இருப்பதற்குக் காரணம், நம் காதுக்கும் வாய்க்கும் உள்ள தூரம். கைபேசி கேமராவாக மாறியபோதும் அந்த உடம்பு மாறவில்லை.

தொடக்கத்தில் இதைச் சரிசெய்யக் கம்பெனிகள் முயன்றன. 2006-ல் வந்த நோக்கியா என்93 மாடலைத் திருகி மடக்கினால் ஒரு சின்ன ஹேண்டிகேம் போலவே கையில் உட்காரும். சோனி எரிக்சன் கே750 போன்ற மாடல்களில் பக்கவாட்டில் தனி ஷட்டர் பட்டன் இருந்தது. போனைப் படுக்கவைத்தால்தான் அந்தப் பட்டன் ஆள்காட்டி விரலுக்குச் சரியாக வரும். 2007-ல் ஐபோன் வந்து பட்டன்களைத் துடைத்துப் போட்டது. 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் வீடியோவும் எடுக்கத் தொடங்கியது. பதிவு பட்டன் இப்போது கண்ணாடியின் அடிப்பகுதியில், நிமிர்த்திப் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருந்தது. போனைத் திருப்பச் சொல்லும் எதுவும் அதன் உடம்பில் மிஞ்சவில்லை. 2024-ல் ஐபோன் 16-ல் பக்கவாட்டுக் கேமரா பட்டன் திரும்ப வந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். படுக்கவைத்துப் பிடித்தால் அது ஆள்காட்டி விரலுக்குக் கீழேதான் இருக்கிறது.

2013-ல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர், தெருவிலும் பேருந்திலும் கடைகளிலும் போன் பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்துக் கணக்கெடுத்தார். அவர்களில் திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்திருந்தார்கள். படுக்கைவாக்கில் வீடியோ எடுக்க இரண்டு கை வேண்டும். இடுப்பில் குழந்தை, தோளில் பை, பேருந்துக் கம்பியில் ஒரு கை என்று இருப்பவருக்கு மீதம் இருப்பது ஒரு கைதான். நிமிர்த்தி எடுப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது நியாயமில்லை.

கருவியின் உடம்பு எவ்வளவு தூரம் படத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பொதுமக்கள் எடுத்த வீடியோக்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேமில் எடுத்தவை, எல்லாம் படுக்கைவாக்கில். கையைப் பட்டைக்குள் நுழைத்துப் பிடிக்கும் கருவியை வேறு எப்படியும் பிடிக்க வராது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது எடுக்கும் கருவி போனாகிவிட்டது. மொட்டைமாடியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் எடுத்த நிமிர்ந்த வீடியோக்களைச் செய்தி சேனல்கள், இரண்டு பக்கமும் அதே படத்தை மங்கலாக்கி ஒட்டி ஒளிபரப்பின. எடுத்த மக்களின் ரசனை பதினோரு வருடத்தில் மாறிவிடவில்லை. கையில் இருந்த பொருள் மாறியிருந்தது.

போனுக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். "வீடியோ சாய்ந்து வருகிறது" என்று பலரும் படும் அவஸ்தைக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பின்பக்கக் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சார், பெரும்பாலான போன்களில் 4-க்கு 3 செவ்வகம். அதன் நீளப்பக்கம் போனின் நீளப்பக்கத்தோடு ஒத்துப் படுத்திருக்கும். அதாவது, போன் படுத்தால்தான் சென்சாருக்கு இயல்பான நிலை. நிமிர்த்திப் பிடிக்கும்போது சென்சார் பார்ப்பது பக்கவாட்டில் சாய்ந்த உலகத்தை. அதை அப்படியே சாய்வாகப் பதிவு செய்துவிட்டு, கோப்புக்குள் "ஓட்டும்போது 90 பாகை திருப்பிக்கொள்" என்று ஒரு குறிப்பை மட்டும் போன் எழுதிவைக்கிறது. போட்டோவாக இருந்தால் எக்ஸிஃப் குறிப்பில் 1 முதல் 8 வரை ஓர் எண். 1 என்றால் உள்ளபடி காட்டு. 6 என்றால் வலப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பிக் காட்டு. வீடியோவுக்கும் எம்பி4 கோப்பில் இதே மாதிரி ஒரு குறிப்பு இருக்கிறது. படத்தின் புள்ளிகளை (பிக்சல்களை) தொடாமல் குறிப்பு மட்டும் எழுதுவது மிச்சம்: நொடிக்கு முப்பது, அறுபது படங்களைத் திருப்பித் திருப்பி எழுதும் வேலை இல்லை.

குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஆப்பில் எல்லாம் சரியாக ஓடும். பழைய கணினி ப்ளேயர்கள் பலவும், பென்டிரைவ் செருகிப் பார்க்கும் சில டிவிகளும் அதைப் படிப்பதில்லை. போனில் நேராக நின்ற கல்யாணப் பெண் டிவியில் படுத்துவிடுகிறாள். வீடியோ கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், படம் பத்திரமாகத்தான் இருக்கிறது. எடிட்டிங் ஆப்பில் ஒருமுறை திருப்பிப் புதிய கோப்பாக ஏற்றுமதி செய்துகொண்டால், புள்ளிகளே திரும்பி எழுதப்பட்டுவிடும். பிறகு எந்தத் திரையிலும் நேராக ஓடும்.

எந்தக் குறிப்பை எழுதுவது என்று போன் எப்படி முடிவு செய்கிறது? உள்ளே இருக்கும் முடுக்கமானி புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்கிறது. போனின் நீளவாக்கில் இழுத்தால் நிமிர்ந்திருக்கிறது. அகலவாக்கில் இழுத்தால் படுத்திருக்கிறது. சிக்கல் வருவது போனைத் தரையைப் பார்த்துப் பிடிக்கும்போது. மார்கழிக் காலையில் வாசல் கோலத்தை நேர் மேலிருந்து எடுக்கிறீர்கள். அப்போது இழுப்பு திரைக்குக் குறுக்கே, நேர் பின்பக்கமாகப் போகிறது. நீளவாக்கிலும் இல்லை, அகலவாக்கிலும் இல்லை. போனுக்குத் தலை எது கால் எது என்று தெரியாது. கடைசியாக எப்படி இருந்ததோ அதையே வைத்துக்கொள்ளும், அல்லது கை கொஞ்சம் சாய்ந்த பக்கத்தை நம்பிவிடும். புள்ளிக் கோலம் போடும் கையோடு சேர்ந்து வீடியோ முழுக்கப் பக்கவாட்டில் வருவது இதனால்தான். அடுப்படியில் மேலிருந்து சமையல் எடுப்பவர்களுக்கும், மேசையில் வைத்து ஆவணங்களை எடுப்பவர்களுக்கும் இதே கதி.

இதற்கு எளிய வழி உண்டு. வீடியோவின் திசை, பதிவு பட்டனை அமுக்கும் நொடியில் முடிவாகிவிடும். நடுவில் போனைத் திருப்பினாலும் மாறாது. ஆகவே போனை நேராகவோ படுக்கைவாக்கிலோ தெளிவாகப் பிடித்துப் பதிவைத் தொடங்குங்கள். ஒரு நொடி கழித்துக் கோலத்தின் பக்கம் குனியுங்கள். அந்த முதல் நொடியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இதே காரணத்தால், நிமிர்த்தித் தொடங்கிவிட்டு "அய்யோ, திருப்பணுமே" என்று பாதியில் போனைச் சாய்ப்பதில் பயனில்லை. எஞ்சிய பாதியில் எல்லோரும் சுவரில் நடப்பார்கள். நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சரி.

ஓடும் ரயிலிலிருந்து எடுப்பவர்களுக்கு இன்னொன்று. போன் சென்சார் ஒரு படத்தை ஒரே வீச்சில் படிப்பதில்லை. ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று படித்துக்கொண்டே போகிறது. படுக்கைவாக்கில் பிடித்தால் மேலிருந்து கீழாகப் படிக்கும். அதற்குள் ரயில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், மின்கம்பங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நிமிர்த்திப் பிடித்தால் படிக்கும் திசையும் பக்கவாட்டாகிவிடுகிறது. கம்பங்கள் சாயாது, சற்றுப் பருத்தோ மெலிந்தோ தெரியும். கண்ணுக்கு இது அவ்வளவாக உறுத்தாது.

ஏழெட்டு வருடத்தில் திரை எழுந்து நின்றது

2012-ல் கைப்பொம்மைகள் பேசும் ஒரு நகைச்சுவை வீடியோ யூடியூபில் பரவியது. போனை நிமிர்த்தி எடுப்பதை அது ஒரு வியாதி என்றே வர்ணித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்னாப்சாட் ஆப்பில் வீடியோ வசதி வந்தது. போனில் எடுத்து, போனிலேயே பார்த்து, மறைந்துபோகும் வீடியோ. டிவி, கணினி இரண்டும் இந்தச் சுற்றில் கிடையவே கிடையாது. எடுக்கும் கையும் பார்க்கும் கையும் ஒரே மாதிரி போனைப் பிடித்திருக்கும்போது திருப்ப வேண்டிய அவசியமே எழவில்லை.

மற்றவை வேகமாக நடந்தன. 2015 மார்ச்சில் பெரிஸ்கோப் ஆப் நிமிர்ந்த நேரலையாகத் தொடங்கியது. படுக்கைவாக்கு செப்டம்பரில்தான் சேர்ந்தது. 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ஸ்டோரி, 2017 பிப்ரவரியில் வாட்ஸாப் ஸ்டேட்டஸ். பிறகு டிக்டாக். தமிழ்நாட்டில் அதன் வீச்சு எவ்வளவு என்பதற்கு நீதிமன்றமே சாட்சி: 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் பதிவிறக்கத்துக்குத் தடை போடச் சொன்னது, ஏப்ரல் 24-ல் தடை விலக்கப்பட்டது. 2020 ஜூன் 29-ல் ஒன்றிய அரசு டிக்டாக்கை நாடு முழுக்கத் தடை செய்தது. பழக்கமான கட்டைவிரல்கள் எங்கே போகும்? ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலில் இங்கேதான் சோதனைக்கு விடப்பட்டது. நிமிர்ந்த வீடியோவின் பெரிய களமாகவே இந்தியா நீடித்தது.

நிமிர்த்தினால் மட்டும் போதும் என்று நினைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. 2018 ஜூனில் இன்ஸ்டாகிராம் தொடங்கிய ஐஜிடிவி, நீண்ட வீடியோக்களையும் நிமிர்த்தியே எடுக்கச் சொன்னது. மறு வருடமே படுக்கைவாக்கையும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலில் வந்த க்விபி என்ற போன் வீடியோ ஆப், ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இரண்டு வடிவத்திலும் தயாரித்து, பார்ப்பவர் போனைத் திருப்பியதும் படமும் மாறும்படி செய்தது. எவ்வளவு உழைப்பு! அந்த டிசம்பரிலேயே கடையை மூடினார்கள். சாம்சங் 2019-ல் திரையே எழுந்து நிற்கும் ஒரு டிவியை விற்றது. அது வீட்டுக்கு வீடு வந்துவிடவில்லை. நெடுங்கதைக்கு உட்கார்ந்து பார்க்கும் திரை இன்னும் படுத்தேதான் இருக்கிறது. ஓரிரு நிமிட அத்தியாயங்களாக ஓடும் சீனத்துக் குறுநாடகங்கள் மட்டும் நிமிர்ந்த கதைக்கு ஒரு பெரிய சந்தையைப் பிடித்துக் காட்டியிருக்கின்றன.

எதை இழக்கிறோம்

சாதாரண போன் கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்து வீடியோ எடுத்தால், பக்கவாட்டில் ஏறத்தாழ 65 பாகை அகலம் படத்துக்குள் வரும். அதே இடத்தில் நின்று நிமிர்த்தினால் அது ஏறத்தாழ 40 பாகையாகச் சுருங்கும். பதிலுக்குக் கிடைப்பது உயரம்: மேலே வானமும் கீழே தரையும். அந்த உயரத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்பதே கேள்வி.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம். அலங்காரம் முடிந்து நிற்கும்போது சுமார் 96 அடி உயரம். அருகில் நின்று போனைப் படுக்கவைத்தால் சக்கரம் வரும், கலசம் வராது. நிமிர்த்தினால் அடி முதல் முடி வரை ஒரே ஃப்ரேமில் அடங்கும். இங்கே நிமிர்ந்த வீடியோவுக்குப் பதிலீடு கிடையாது. ஆனால் அந்தத் தேரை நகர்த்துவது வடம். வடம் வீதியோடு நீண்டு கிடக்கிறது. அதைப் பிடித்து நிற்கும் நூற்றுக்கணக்கானவர்கள், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள், வீட்டுத் திண்ணைகளில் நிற்கும் கூட்டம் எல்லாம் தரையோடு பரவிக் கிடப்பவை. நிமிர்ந்த ஃப்ரேம் தேரைக் காட்டும், தேரோட்டத்தைத் தவறவிடும்.

மனிதர்கள் தரையில் நிற்பவர்கள், தரையோடு நகர்பவர்கள். ஒருவர் தனியாக நின்றால் உயரமான உருவம். இருவர் சேர்ந்தாலே அகலம். தனி ஆள் பேசுவது, ஒருவர் பாடுவது, பரதம் ஆடும் ஒருவரின் அடவும் தலைக்கு மேல் தூக்கிய முத்திரையும் சேர்ந்து தெரிவது, பனை ஏறுபவர், அருவி, கோபுரம் இதற்கெல்லாம் நிமிர்ந்த ஃப்ரேம் கச்சிதம். கபடி, பந்திப் பரிமாறல், இரண்டு தவில்கள் எதிரெதிரே மோதும் தனி ஆவர்த்தனம், பட்டிமன்ற மேடை இவற்றை நிமிர்த்தி எடுத்தால் கேமராவை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

நிமிர்த்தி எடுக்கத்தான் வேண்டும் என்றால், நகர்வின் திசையை மாற்றிக்கொள்வது ஒரு நல்ல உத்தி. ஃப்ரேமுக்குக் குறுக்கே ஓடுபவர் ஒரே நொடியில் வெளியே போய்விடுவார். அவர் கேமராவை நோக்கி ஓடிவரும்படி நீங்கள் இடம் மாறி நின்றால், ஃப்ரேமின் உயரம் முழுக்க அவருக்குப் பாதையாகிவிடும். முகத்தை ஃப்ரேமின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அடிப்பகுதியில் ஆப்பின் எழுத்துகளும் வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்களும் வந்து உட்காரும். எத்தனையோ சமையல் வீடியோக்களில் கடாய் இருக்கும் இடத்தில்தான் தலைப்பு ஓடுகிறது.

முன்னே சொன்ன விதிவிலக்கு இதுதான்: பகிர்வதற்கு அல்லாமல் வைத்துக்கொள்வதற்காக எடுக்கும் வீடியோ. அதைப் படுக்கைவாக்கில்தான் எடுக்க வேண்டும் என்பேன். பள்ளி ஆண்டுவிழாவில் இதைப் பார்க்கலாம். மேடையில் பன்னிரண்டு குழந்தைகள் வரிசையாக ஆடுகிறார்கள். ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் போனை நிமிர்த்தி, தன் பிள்ளை மட்டும் தெரியும்படி ஜூம் செய்து எடுக்கிறார்கள். அன்றைக்கு ஸ்டேட்டஸில் போட அது போதும். பதினைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை தேடப்போவது பக்கத்தில் தப்பான காலை எடுத்து வைத்த தோழியை, திரைக்குப் பின்னாலிருந்து கையாட்டி ஸ்டெப் சொல்லிக்கொடுத்த டீச்சரை. அவர்கள் யாருடைய போனிலும் இருக்க மாட்டார்கள். எடுக்கும்போது நமக்கு முக்கியமாகத் தெரிவது நடுவில் இருப்பது. பின்னால் முக்கியமாவது பெரும்பாலும் ஓரத்தில் இருந்தது. பாட்டி பேசுவதைத் தனியாக நிமிர்த்தி எடுக்கலாம், தப்பில்லை. அவள் உட்கார்ந்திருக்கும் திண்ணையும் அம்மிக்கல்லும் தாழ்வாரமும் வேண்டுமென்றால் போனைத் திருப்பத்தான் வேண்டும்.

சாட்சியமாகும் வீடியோவுக்கும் இது பொருந்தும். விபத்தின்போது மோதிய வண்டி தெரிகிறது. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சிக்னல் என்ன நிறத்தில் இருந்தது, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் பக்கவாட்டு விவரங்கள். ஆனாலும் ஆபத்தான நேரத்தில் போனைத் திருப்ப ஒரு கணம்கூடத் தாமதிக்க வேண்டாம். எப்படிப் பிடித்தாலும் எடுத்ததே பெரிது.

இரண்டும் வேண்டுமென்றால்

படுக்கைவாக்கில் எடுத்துவிட்டுப் பிறகு நடுவிலிருந்து நிமிர்ந்த துண்டை வெட்டிக்கொள்ளலாமா? தெளிவைப் பொறுத்தவரை 4கே-யில் எடுத்திருந்தால் முடியும். 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட படத்திலிருந்து 1215-க்கு 2160 துண்டு கிடைக்கும். ரீல்ஸுக்குத் தேவை 1080-க்கு 1920, ஆகவே தாராளம். சாதாரண 1080 தெளிவில் எடுத்திருந்தால் கிடைப்பது 607 புள்ளி அகலம் மட்டுமே. பெரிதாக்கினால் மசமசவென்று ஆகிவிடும். நிமிர்த்தி எடுத்ததிலிருந்து அகலமான படம் வெட்டுவதற்கும் இதே கணக்குதான். ஆனால் அங்கே ஓரங்கள் எங்கிருந்து வரும்? இடமும் வலமும் கேமராவுக்குள் நுழையவே இல்லையே. இரண்டும் தேவை, ஒருமுறைதான் எடுக்க முடியும் என்றால் 4கே-யில் படுக்கைவாக்கு. முக்கியமானதை ஃப்ரேமின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருக்க வேண்டும்.

கருவி செய்பவர்களும் இதே முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார்கள். 2019-ல் வந்த மோட்டோரோலா ஒன் ஆக்‌ஷன் போனில், அகலக் கோணக் கேமராவின் சென்சாரையே 90 பாகை திருப்பிப் பொருத்திவிட்டார்கள். போனை நிமிர்த்தி ஒரு கையில் பிடித்தபடியே படுக்கை வீடியோ எடுக்கலாம். இத்தனை காலம் மனிதர்களைத் திருப்பச் சொன்ன இடத்தில் சென்சாரைத் திருப்பியது அருமையான யோசனை. அது ஏன் பரவலாகவில்லை என்று வருத்தமாக இருக்கிறது. 2022-ல் கோப்ரோ ஹீரோ11 கேமரா 8-க்கு 7 என்ற, கிட்டத்தட்டச் சதுரமான சென்சாரோடு வந்தது. எடுத்த பிறகு எந்த வடிவத்தையும் அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசையில் முன்பக்கக் கேமராவின் சென்சார் சதுரம். போனை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலமான செல்ஃபி எடுக்கலாம். கூட ஆட்கள் வந்து சேர்ந்தால் ஃப்ரேம் தானே விரியும்.

சதுரத்துக்குச் சாதகமாக இன்னொரு கணக்கும் இருக்கிறது. லென்ஸ் வட்டமானது, அது விழவைக்கும் பிம்பமும் வட்டம். அந்த வட்டத்துக்குள் 16-க்கு 9 செவ்வகம் வெட்டினால் பரப்பில் 54 சதவீதம் கிடைக்கும். சதுரம் வெட்டினால் 64 சதவீதம். பின்பக்கக் கேமராக்களுக்கு அது பரவலாகும்வரை, கையைத் திருப்பும் வேலை நம்முடையதுதான்.

கல்யாண வீடுகளில் இந்தப் பிரச்சினை இப்போது பணமாகவே வந்து நிற்கிறது. கேண்டிட் கேமரா, டிரோன், ட்ரெடிஷனல் வீடியோ என்று பட்டியலிட்டு வந்த குழுக்கள், ரீல்ஸுக்கென்று போனோடு தனி ஆளை அனுப்பி, அதற்குத் தனி ரேட் சொல்கின்றன. அந்த ஆள் நிமிர்த்தி எடுப்பது அன்று மாலைக்குள் எல்லோர் போனிலும் வந்துவிடும், அது அதன் வேலை. மற்ற கேமராக்களும் ரீல்ஸ் மோகத்தில் நிமிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. முன்பணம் கொடுக்கும்போதே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: காப்பு கட்டுவது, தாலி கட்டுவது, பெரியவர்கள் அட்சதை போடுவது, பந்தி, புகுந்த வீட்டுக்கு அனுப்புவது இத்தனையும் படுக்கைவாக்கில், 4கே-யில் இருக்க வேண்டும். எடிட் செய்த ஆல்ப வீடியோவோடு, வெட்டாத மூலக் கோப்புகளையும் ஹார்ட் டிஸ்கில் கேட்டு வாங்குங்கள். மூலக் கோப்புகள் கையில் இருந்தால், நிமிர்ந்த துண்டுகளை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.